ஹெரால்டு தெரிந்த கையும் ஒரு ஸ்பிட்ஃபயரும்

வண்டி 1966-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2. இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து. வேலை நடந்தது கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் பட்டறையில். பழைய பிரிட்டிஷ் வண்டிகளை மட்டும்தான் எடுத்துச் செய்கிறோம். இதில் இன்ஜின், வயரிங், பெயிண்ட் எல்லாமே இருந்தது. ஆனால் எழுதி வைக்கத் தோன்றியது ஒரு விஷயத்தைத்தான். ஹெரால்டு கார்களைப் பார்த்தே வயதான ஒரு மேஸ்திரியின் அனுபவம் இந்த வண்டியில் பாதி தூரம் கை கொடுத்தது, மீதி தூரம் காலை வாரிவிடப் பார்த்தது. அதைக் கண்டுபிடித்தவன் நெல் அறுவடை மெஷினில் வேலை பழகிவிட்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டை நம் ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்த வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயரையும் அவர்தான் வரைந்தார். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பது இரண்டுக்கும் பொது. முன் சஸ்பென்ஷன் பொது. பின்னால், சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் மேல் குறுக்கே கிடக்கும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கும் பொது.

இன்ஜினும் ஒரே வம்சம். நம் ஹெரால்டு 948 சி.சி., இந்த ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி. ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் உள் விட்டத்தை மட்டும் 63-இலிருந்து 69.3 ஆக்கியிருக்கிறார்கள். எஸ்.யூ. கம்பெனி கார்ப்பரேட்டர் இரண்டு வைத்து 67 குதிரைசக்தி எடுத்தார்கள். வண்டி எடை ஏறத்தாழ 700 கிலோ, அதனால் அதுவே தாராளம்.

எங்கள் மேஸ்திரிக்கு எழுபது தாண்டிவிட்டது. பையனாக இருந்தபோது தஞ்சாவூரில் டாக்டர், வக்கீல் வீட்டு ஹெரால்டுகளில் தொழில் பழகியவர். ஸ்பிட்ஃபயர் லாரியிலிருந்து இறங்கியதும் பானெட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம வண்டிதான்” என்றார். இன்ஜின் அளவில் அது முழுக்க உண்மை. கிளட்சை ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டின், புல்லியைப் பார்த்தார். புல்லி முன்னால் தள்ளி வந்தது. இந்த வம்சத்து இன்ஜினில் கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுப்பது பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்தால் கழன்று ஆயில் சம்ப்பில் விழும், அப்புறம் கிராங்கே பிளாக்கைச் சாப்பிட ஆரம்பிக்கும். டயல் கேஜ் வைத்தோம். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். நல்லவேளை, வாஷர் இன்னும் விழவில்லை. ஹெரால்டு தெரியாத ஒரு பட்டறையில் நேராக ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருப்பார்கள்.

வண்டி நின்ற இடம்

அந்த வீட்டில் மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கத்தை மறைத்து வண்டியை நிறுத்தியிருந்தார்கள். மறுபக்கம் வைக்கோல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைக் கூரை அப்படியே வண்டி மேல் உட்கார்ந்தது. கண்ணாடி போச்சு, மடக்குக் கூரையின் கம்பிகள் வளைந்தன. புயலில் நசுங்கிய வண்டி என்றுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். உண்மையில் புயல் செய்தது கொஞ்சம்தான். அதற்கு முன்னாலேயே வருஷக்கணக்கில் உமியும் ஈரமும் செய்த வேலைதான் பெரிது.

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் தகட்டுப் பெட்டியை நம் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். உள்ளே போகும் தண்ணீர் வடிய அதன் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. இந்த வண்டியில் அத்தனை ஓட்டையும் அடைத்திருந்தது. பின்னால் இடது பக்கத்தை ஒரு சாண் வெட்டித் திறந்தபோது முதலில் கொட்டியது துரு இல்லை. கறுத்துக் கட்டியாகிப்போன உமி, எலி இழுத்துவைத்த வைக்கோல், ஒரு குளவிக்கூடு. காற்றில் வந்த பதரும் தூசும் மழை ஈரத்தில் ஊறி, வெயிலில் கூட முழுசாகக் காயாமல், தகட்டை உள்ளிருந்து தின்றிருக்கிறது. வெளித்தகட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. கடலோர உப்புக் காற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டெல்டாவுக்குள் நிற்கும் வண்டிக்கு உமிதான் முதல் எதிரி என்பது என் அனுபவம்.

இடது பக்கம் யாரோ எப்போதோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். துருவின் மேலேயே ஒரு தகடு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயிண்ட். அந்தப் பக்கக் கதவின் பின் விளிம்பில் இடைவெளியை அளந்தோம். கீழே 7 மில்லிமீட்டர், மேலே 2. கதவை மூடும்போது மேல் மூலை உரசியது. வலது பக்கம் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது உடல் இடது பக்கம் நடுவில் தொய்ந்து, கதவு வாயின் மேல்பக்கம் நெருங்கிவிட்டது.

புதிதாக வந்தவன்

வலங்கைமான் பக்கத்துப் பையன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அறுவடை மெஷின், டிராக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். குறுவை, சம்பா சமயத்தில் ராத்திரி பகல் கிடையாது. மற்ற மாதங்களில் வேலையே கிடையாது. பழைய கார் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று தானாகத்தான் வந்தான்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் சான்றிதழ் பார்ப்பதில்லை. ஜோடி எஸ்.யூ. கார்ப்பரேட்டரைக் கொடுத்துக் கழற்றி, கழுவி, மாட்டச் சொல்வோம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே இருக்கும் பிஸ்டனும் அது ஓடும் மூடியும் ஜோடி சேர்த்துக் கடைந்தவை. இந்தக் கார்ப்பரேட்டர் பிஸ்டனை அந்த மூடியில் போட்டால் ஒட்டும். பிஸ்டன் அடியில் ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை மேசையில் கிடத்தினால் வளையலாம். இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். இவன் இரண்டு தட்டு கேட்டு வாங்கினான், ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் முன், பின் என்று எழுதினான். ஊசியைப் பார்த்ததும் அடுக்களை பக்கம் போய் இரண்டு டீ டம்ளர் எடுத்துவந்து, ஊசி உள்ளே தொங்கும்படி பிஸ்டனை டம்ளர் வாயில் உட்காரவைத்தான். திரும்ப மாட்டியதில் ஒரு தப்பு இருந்தது. அது பரவாயில்லை, சொல்லிக்கொடுத்துவிடலாம். டம்ளர் எடுத்துவரும் புத்தியைச் சொல்லிக்கொடுப்பது சிரமம்.

ஆனால் அவனுக்கு வேகம் ஒரு பிரச்சினை. வயலில் மெஷின் நின்றால் வாடகை நிற்கும். வரப்பில் மெஷின்காரர், நிலத்துக்காரர், சாக்கோடு கூலி ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அரை மணியில் பற்றவைத்து ஓட்டிவிட வேண்டும், அடுத்த சீசன் பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு வந்தவனிடம் வெல்டிங் கன்னைக் கொடுக்கவில்லை. ஸ்பானர் விஷயமும் இருந்தது. ட்ரையம்ஃபில் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட் என்பது 12.7 மில்லிமீட்டர். நம் 13 நம்பர் ஸ்பானர் அதில் தாராளமாக ஏறும், துருப்பிடித்த நட்டில் ஒரு திருகு திருகினால் மூலைகள் மழுங்கிவிடும். அவன் கொண்டுவந்த ஸ்பானர் பெட்டியைப் பூட்டி ஓரமாக வைத்துவிட்டு, பட்டறையின் அங்குல செட்டைக் கொடுத்தார் மேஸ்திரி.

ஆக, முதல் வேலை கழற்றுவது, படம் எடுப்பது, எழுதி வைப்பது. ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி டின்னில் போட வேண்டும். அடிச்சட்டமான சேசிஸுக்குத் தனி டின்கள், அதன் மேல் உட்காரும் பாடிக்குத் தனி டின்கள். இந்த வேலையைக் கொடுத்தால் பாதிப் பேர் இரண்டாவது வாரமே வேறு இடம் தேடுவார்கள். ‘மெக்கானிக் வேலைக்கு வந்தேனா, கணக்குப்பிள்ளை வேலைக்கா’ என்ற எண்ணம் வரும். இவன் முகத்திலும் அது தெரிந்தது. ஆனால் எழுதினான்.

பாடி டின்னில் கிடந்த போல்ட்

தகடு வேலைக்கு நாள் குறித்தபோது மேஸ்திரி சொன்னார்: “சேசிஸ் கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே வாட்டியா வெட்டி எடுத்துட்டா வேலை சுருக்கா முடியும்.”

ஹெரால்டில் இது நடக்கும் காரியம். ஹெரால்டு சேசிஸில் நடு முதுகெலும்பு மட்டுமில்லை, இரண்டு பக்கமும் கைகள் நீண்டு, ஓரச் சட்டங்கள் நீளவாக்கில் ஓடும். உடல் பல துண்டுகளாக அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கதவுக்குக் கீழே இருப்பது கிட்டத்தட்ட அழகுக்கான தகடு. கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டலாம்.

அப்போது பையன் கேட்டான்: “மேஸ்திரி, பின் சக்கரத்தை முன்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கே ஒரு ஆர்ம், அந்த போல்ட்டை நான் பாடி டின்னுலதான் போட்டிருக்கேன். அது சேசிஸ்ல இல்லையே. பிரேக் பிடிச்சா அந்த இழுப்பு எங்க போகும்?”

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போனார், டார்ச் கேட்டார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “சரி தம்பி. இது ஹெரால்டு இல்ல” என்றார்.

ஸ்பிட்ஃபயருக்காக ஹெரால்டு சேசிஸை வெட்டிக் குறுக்கியிருக்கிறார்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே ஹெரால்டில் 91.5 அங்குலம், இதில் 83. அதோடு ஓரச் சட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். வண்டி தாழ்வாக, இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஓரச் சட்டம் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே ரன்னிங் போர்டுக்குப் போய்விட்டது. பின் சக்கரத்து ரேடியஸ் ஆர்ம் சீட்டுக்குப் பின்னால் பாடியில்தான் மாட்டியிருக்கிறது. இங்கே ரன்னிங் போர்டு அழகுக்கு இல்லை. உள், நடு, வெளி என்று மூன்று தகடு சேர்ந்த ஒரு தூலம். கூரை இல்லாத வண்டி வேறு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டியிருந்தால் பாடி முன் பாதி, பின் பாதியாக அதனதன் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். இடது பக்கத்தில் பழைய ஒட்டுக்காரர் செய்தது அதுதான். தொய்ந்த நிலையிலேயே தகட்டை ஒட்டியிருக்கிறார்.

ஹெரால்டு பார்த்தே இராத ஒருவனுக்கு இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அறுவடை மெஷினில் எந்தப் பெல்ட் எதை இழுக்கிறது, எந்த பேரிங் எந்தப் பாரத்தை வாங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வந்தவன். மேஸ்திரி கண்ணுக்கு அந்த ஆர்ம் பழகிய பொருள். பழகியதால் அதன் மறுமுனையைப் பார்க்கத் தோன்றவில்லை.

டாப் லிங்க் வைத்துத் திறந்த கதவு

முதலில் மட்டம். எங்கள் ஷெட் தரை தண்ணீர் ஓட வாட்டம் விட்டுப் போட்டது, அதை நம்பி அளக்க முடியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் சேசிஸின் நான்கு மூலையையும் மட்டம் பார்த்து, ஸ்டாண்டுகளுக்குக் கீழே தகடு செருகி நிறுத்தினோம். பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கவில்லை. எல்லா மவுண்ட்டும் இறுக்கியபடியே.

அடுத்தது கதவு வாயைப் பூட்டுவது. வழக்கமாகச் சதுரக் குழாயைக் குறுக்கே பற்றவைப்பார்கள். வலது பக்கம் அப்படித்தான் செய்தோம், ஏனென்றால் அந்தப் பக்க அளவு சரியாக இருந்தது, அது அசையாமல் இருந்தால் போதும். இடது பக்கத்தை அசையாமல் வைத்தால் போதாது, திறக்க வேண்டும். இதற்குப் பையன் ஒரு பழைய டிராக்டர் டாப் லிங்க் கொண்டுவந்தான். கலப்பைக்கும் டிராக்டருக்கும் நடுவே மாட்டும் திருகுக் கட்டைதான். ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை, நடுவில் திருப்பினால் நீளும், சுருங்கும். இரண்டு முனையிலும் தகடு வைத்து, கதவுக்கு முன் தூணையும் பின் தூணையும் சேர்த்து வண்டிக்குள் பக்கமாகப் பொருத்தினோம். உள்பக்கம் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெல்டிங் முடியும் வரை கதவு கீலில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் மூடிப் பார்க்க முடியும்.

பழைய ஒட்டுத் தகட்டை எடுத்ததும் டாப் லிங்கைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார் மேஸ்திரி. பையன் ஃபீலர் கேஜோடு கதவருகில் உட்கார்ந்து அளவு சொன்னான். ஒரே நாளில் முழுசாகத் திறக்கவில்லை. கொஞ்சம் திறந்து, ராத்திரி விட்டு, காலையில் அளந்து, மீண்டும் கொஞ்சம். மேலே 4, கீழே நாலரை வந்ததும் நிறுத்திக்கொண்டோம். புது வண்டியே ஃபேக்டரியிலிருந்து இதைவிடப் பிரமாதமாக வந்திருக்காது.

புதுத் தகடுகள் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவை. ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் அடித்து விற்கிறார்கள். முதலில் உள்தகடு, அப்புறம் நடுத்தகடு, கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டு, கதவை மூடிப் பார்த்து, அங்கங்கே பொட்டு வைத்து, மீண்டும் மூடிப் பார்த்து, அதன் பிறகுதான் முழு வெல்டிங். ஒரு பொட்டு முன்னால் என்றால் அடுத்தது பின்னால். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு இழுக்கும். மிக் வெல்டிங்தான். பையன் முதன்முதலாகக் கன்னைப் பிடித்தது நடுத்தகட்டில், ஏனென்றால் அது மூடி மறைந்துவிடும். வலது பக்க வெளித்தகட்டை முழுக்க அவனே பற்றவைத்தான். கிரைண்டர் அதிகம் தேவைப்படவில்லை. இடது பக்கம் முழுசாக முடிந்து ஆறிய பிறகே வலது பக்கம் கத்தி வைத்தோம். வடிகால் ஓட்டைகளைத் திறந்து, உள்ளே மெழுகு அடித்துவிட்டோம்.

மற்றவை

முன் சக்கரத்தின் கீழ் மூட்டில் வெண்கல டிரன்னியன் ஒன்று இருக்கிறது. எஃகுத் தண்டு அதற்குள் மரை போட்டுத் திரும்பும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான். நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை நீட்டுவது நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன் வழக்கம். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது, தண்ணீர் தேங்கித் தண்டு அரித்து, ஒருநாள் திரும்பும்போது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டிலும் இதே கதைதான், மேஸ்திரி பார்த்திருக்கிறார். இந்த வண்டியில் இரண்டு தண்டும் அரித்திருந்தன. பார்க்க வந்த நண்பர் ஒருவர் நாச்சியார்கோயிலில் கொடுத்து வெண்கலத்தை வார்த்துவிடலாமே என்றார். குத்துவிளக்குக்கு அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, சக்கரம் தாங்கும் பாகத்துக்கு நான் ஒப்பவில்லை. புதிதாகவே வாங்கினோம்.

மார்க் 2-இல் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். வழியில் பேட்டரி இறங்கி யாராவது உதவிக்கு வந்தால் பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுப்பார்கள் என்பதால் பேட்டரி தட்டிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தோம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் எல்லாம் போச்சு. 2000-க்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது, எனவே வால்வ் உட்காரும் இடத்தில் கெட்டியான சீட் வளையம் வைக்க வேண்டியிருந்தது. பெயிண்டை ஐப்பசி, கார்த்திகையில் தொடவில்லை. அந்த ஈரத்தில் அடித்தால் பூத்துப்போகும். தை பிறந்த பிறகு அடித்தோம்.

வீட்டுக்காரர் ஆரம்பத்தில் மாருதி இன்ஜின் வைத்தால் பராமரிக்க லகுவாக இருக்குமே என்று கேட்டார். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டி, மூல வடிவில், சேசிஸோ பாடியோ இன்ஜினோ பெரிதாக மாற்றாமல் இருக்கும் வண்டிதான் விண்டேஜ் என்று பதிவாகும். புதிதாகப் பதிபவற்றுக்கு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டவும் வாடகைக்கு விடவும் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று வெளியே எடுக்கலாம். மாருதி இன்ஜின் பேச்சு அத்தோடு நின்றது. ரன்னிங் போர்டு மாற்றியதைப் பற்றிக் கேள்வி வந்தால் காட்டுவதற்குப் பையன் எடுத்த படங்களும் சீட்டுகளும் ஒரு ஃபைலாக இருக்கின்றன. அதே வடிவத் தகடு, அதே இடம், முன்னும் பின்னும்.

வண்டி இப்போது

பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர் வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி வேண்டுமென்றே சாய்த்து ஏற்றினார் மேஸ்திரி. இடது கதவு முனகவில்லை. திரும்பி வந்து அளந்ததில் மேலே 4, கீழே நாலரை அப்படியே இருந்தது. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரங்கள் உள்ளே மடங்கப் பார்க்கும். அது இந்த வண்டியின் பிறவிக் குணம், 1970-இல் வந்த மார்க் 4-இல்தான் ஸ்பிரிங் அமைப்பை மாற்றினார்கள். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தோம்.

பையன் வேலையில் நிலைத்துவிட்டான். சம்பா அறுப்புக்குப் பழைய முதலாளி கூப்பிட்டபோது பத்து நாள் போய்விட்டு வந்தான், நாங்களும் தடுக்கவில்லை. இப்போது ஷெட்டில் நிற்பது மயிலாடுதுறையிலிருந்து வந்த ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரன்னிங் போர்டு இரண்டு பக்கமும் ஓட்டை. முதல் நாளே டாப் லிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தவனை மேஸ்திரி நிறுத்தி, ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்து வண்டிக்கு அடியில் அனுப்பினார். ஓரச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனவன், பின் மூலைக்கு முன்னால் சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸ் கேட்டான்.